பழுதுப் பக்கத்தில் என் பெருவிரல்

ஒரு கணினி என்னைப் பழுது என்று கண்டுபிடித்துவிட்டதாகப் பதினொரு நாட்கள் நம்பிக்கொண்டிருந்தேன். சப்பாத்தை அல்ல, என்னை. எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. ஒரே தொழிற்சாலையில் பத்தொன்பது வருட வேலை. பிரெஞ்சு பேசும் ஊரான லொங்குய்யில் ஒரு வீடும் அதன் கூரையில் ஒரு ஒழுக்கும் இருந்தன. இவ்வளவு வைத்திருக்கிற மனிதன் இப்படியொன்றை நம்பலாமா என்று கேட்பீர்கள். ஆதாரம் இருந்தது. திரையில் என் கண்ணாலேயே பார்த்தேன்.

அந்தத் திரை யாருடையதோ அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணா என்று கூப்பிட்டார். இரண்டு பேரில் ஒருவர்தானே மூத்தவராக இருக்க முடியும்? அது நான்தான், ஐந்து வருடத்தால். ஆனால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்து, செயின்ட்-மிஷேலில் இருந்த எங்கள் தொழிற்சாலைக்குள் முதல் நாள் அவர் நடந்து வந்த விதத்தில் என் வாய் தானாகவே அக்கா என்றுவிட்டது. வயது தெரிய வந்தபோது காலம் கடந்திருந்தது. "ஆரம்பத்துல எங்க நின்னீங்களோ அங்கயே மாட்டிக்கிட்டீங்க அண்ணா," என்று சொல்லிச் சிரிப்பார். அது அவருடைய தொழில் நகைச்சுவை என்பது எனக்கு விளங்கப் பல மாதம் ஆனது.

நாங்கள் பனிக்காலச் சப்பாத்துச் செய்கிறவர்கள். வரிசையின் கடைசியில் நிற்பவன் நான். அடித்தோல் மேற்பகுதியோடு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, சரியில்லாததைச் சிவப்புத் தொட்டிக்குள் போடுவது என் வேலை. சப்பாத்துகள் ஓடி வரும் பட்டிக்கு மேலே ஒரு கமரா பூட்டி, அதுவே பார்த்துச் சொல்லட்டும் என்று முதலாளி முடிவெடுத்தார். அந்தக் கமராவுக்கு மூளை செய்து தர, டவுன்டவுனில் இருந்த ஒரு சிறிய கம்பனி அக்காவை அனுப்பியது. திங்களும் வெள்ளியும் எங்களிடம் வருவார். அந்த மூளைக்குத் தீனியாகப் படம் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது.

முதல் நாள் கதை இது:

"ஒரு சோல் சரியில்லன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"பாத்தாத் தெரியும்தானே அக்கா."

"என்ன தெரியும்?"

"பிழையெண்டு தெரியும்."

"எது மாதிரி இருந்தா பிழை?"

"பிழை மாதிரி இருந்தா."

நான் பகிடி விட்டதாக நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஒண்ணு காட்டுங்க," என்றார். சிவப்புத் தொட்டிக்குள் தலையை விட்டு, ஐந்து சப்பாத்தைத் தேடி எடுத்து வந்தேன். பழுதான இடத்தை மட்டும் கத்தியால் அறுத்து, ஒரு வட்ட பிஸ்கட் டின்னுக்குள் அடுக்கிக்கொண்டார். குமிழி வந்த துண்டு ஒன்று, வெடித்த துண்டு ஒன்று, பசை வழிந்த துண்டு ஒன்று. ஒரு நாள் பசியில் அந்த டின்னை முறுக்கு என்று நினைத்துத் திறந்தவன் நான். கடிக்கவில்லை. கடிக்கும் தூரத்தில் நிறுத்திவிட்டேன்.

"எது மாதிரி? காட்டுங்க." அவ்வளவுதான் அக்கா. நல்லது, கெட்டது, பெரியது, மோசம் என்ற சொற்களை அவர் யாரிடமிருந்தும் வாங்கிக்கொள்ள மாட்டார். தானும் கொடுக்க மாட்டார். உண்மையில் நடந்த ஒன்றை, உண்மையில் இருந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினால்தான் அவருக்குப் பேச்சு. பெப்ரவரியில் நாங்களெல்லாம் மைனஸ் இருபது, மைனஸ் இருபத்தைந்து என்று வானிலை வாசிப்போம். அக்கா கோட்டைக் கழற்றியபடி, "இன்னிக்கு, நீங்க ஒரு கிளவுஸைத் தொலைச்சிட்டு வந்தீங்களே, அந்த நாள் மாதிரி இருக்கு," என்பார். என் இடது கைக்கு உடனே புரியும். இப்போது அவர் வேறு நகரத்தில், வேறு வேலையில் இருக்கிறார். குளிர்காலம் தொடங்கினால் ஒரு செய்தி வரும்: "இங்க உங்க கிளவுஸ் நாள்ல பாதிதான்."

என் மனைவிக்கு இது பெரிய மண்டைக்குத்து. ஒரு ஞாயிறு வீட்டுக்கு அழைத்து இடியப்பமும் சொதியும் கொடுத்தோம். "எப்பிடி இருக்கு?" என்று மனைவி கேட்டார். உலகமே 'நல்லா இருக்கு' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் இடம் அது. அக்கா கண்ணை மூடி யோசித்தார்.

"போன மாசம் அண்ணாகிட்ட டப்பால குடுத்து விட்டீங்களே, அது மாதிரி இல்ல. அதுக்கு முந்தின தடவை குடுத்தது மாதிரி."

அவர் போன பிறகு மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார். "இவ என்ன கதைக்கிறா? நல்லதெண்டுறாவோ கூடாதெண்டுறாவோ?"

"முந்தின முறை எப்பிடி வைச்சனீர்?"

"எனக்கு என்னெண்டு ஞாபகம்?"

"அவவுக்கு ஞாபகம் இருக்கு."

மனைவி சொதிச் சட்டியைத் திறந்து பார்த்தார். "முந்தின முறை தேசிக்காய் கொஞ்சம் கூட விட்டனான்," என்றார். அதன் பிறகு எங்கள் வீட்டுச் சொதியில் தேசிக்காய்ப் புளி கூடத்தான்.

அக்கா செய்த இயந்திரமும் அவரைப் போலத்தான் இருந்தது. மற்ற இயந்திரங்கள் 'பழுது' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுமாம். இது அப்படியில்லை. தனக்குள் இருபது மாதிரித் துண்டுகளை வைத்திருக்கும், பத்து நல்லதுக்கு, பத்து பழுதுக்கு. புதிதாக ஒரு சப்பாத்தைக் கண்டால், 'இதன் இந்த மூலை, என்னிடம் உள்ள அந்தத் துண்டைப் போல இருக்கிறது, ஆகவே பழுது' என்று பெட்டி போட்டுக் காட்டும். அந்தத் துண்டுகளுக்கு அவர்கள் தொழிலில் புரோட்டோடைப் என்று பெயர்.

"அந்தத் துண்டுகளை ஆர் தெரிஞ்சு குடுக்கிறது? நீங்களோ?" என்று கேட்டேன். என் மனதில் பிஸ்கட் டின் ஓடியது.

"யாரும் குடுக்கறதில்ல. ஆரம்பத்துல அது படமே இல்ல, வெறும் நம்பர். எங்கயாவது வச்சிடுவோம். அப்புறம் ஒவ்வொரு படமா காட்டக் காட்ட நகரும். பழுதுக்குன்னு வச்சது பழுது படத்துல இருக்கற ஏதோ ஒண்ணுகிட்ட போகும், நல்ல படத்தை விட்டு விலகும். நடுநடுவுல பிடிச்சு, பக்கத்துல எந்தப் படத்தோட எந்தத் துண்டு இருக்கோ, அது மேலயே உக்கார வச்சிடுவோம். அப்பத்தான் இதுதான்னு காட்ட முடியும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"எது மாதிரி?"

மாட்டிக்கொண்டேன். அவருக்குப் புரிந்தது என்ற சொல்லும் செல்லாக்காசு. யோசித்துச் சொன்னேன்.

"கலியாண மண்டபம் மாதிரி அக்கா. கதவு திறந்த உடன வாறவை கண்ட இடத்தில நிப்பினம். பேந்து மாமி வருவா, சித்தப்பா வருவார். மாப்பிள்ளைப் பகுதி மாப்பிள்ளைப் பகுதியோட ஒதுங்கும், பொம்பிளைப் பகுதி மற்றப் பக்கம் போகும். ஆனா சாப்பாடு வைக்கேக்க ஒவ்வொருத்தரும் ஒரு கதிரையில இருந்துதானே ஆகவேணும். காத்தில இருந்து சாப்பிட ஏலாது."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, இதைக் கொப்பியில் எழுதினார். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒன்றை இன்னொருவர் எழுதியது அன்றுதான்.

"சில பேர் யார்கூடவும் சேராம மூலையிலயே நின்னுடுவாங்க," என்றார். "அதனால கண்டபடி விடாம, முதல்லயே கூட்டம் எங்கெங்க சேருதுன்னு பாத்து, ஒவ்வொரு கூட்டத்துக்கு நடுவுல ஒருத்தரை நிறுத்தியும் ஆரம்பிக்கலாம்."

"அந்த மூலையில நிக்கிறது என்ட மச்சான். அவரை எங்க நிப்பாட்டினாலும் மூலைக்குத்தான் போவார்."

இதற்கும் சிரிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை சிரித்தார். மச்சானை முகநூலில் பார்த்தாராம்.

இனிப் பெருவிரலுக்கு வருகிறேன். ஜனவரியில், வீட்டுக்குப் பக்கத்து டெபனேர் கடை வாசலில், பால் வாங்கிய சந்தோஷத்தில் கார்க் கதவை என் இடது பெருவிரலோடு சேர்த்துச் சாத்தினேன். நகம் முழுவதும் கறுத்துப்போனது. அந்த விரலோடுதான் மூன்று மாதம் படம் எடுத்தேன். நல்ல சப்பாத்துகளை மேசையில் வரிசையாக வைத்து எடுத்தேன். பழுதானதை மட்டும் கையில் தூக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, பிழைக்குப் பக்கத்தில் பெருவிரலால் அமத்திப் பிடித்து எடுத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. பத்தொன்பது வருடமாக நான் பழுதைப் பார்க்கும் முறை அது. அமத்தினால்தான் பசை விட்ட இடம் வாய் திறக்கும்.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அக்கா முதலாளியோடு கதைக்கப் போயிருந்தார். மடிக்கணினி என் மேசையில் திறந்தபடி இருந்தது. எட்டிப் பார்த்தேன். இடப் பக்கம் நல்லதுக்கான பத்துத் துண்டுகள், வலப் பக்கம் பழுதுக்கான பத்து. வலப் பக்கத்தில் முதலாவது ஒரு குமிழி. இரண்டாவது ஒரு வெடிப்பு. மூன்றாவது என் பெருவிரல். நான்காவது என் பெருவிரல், கொஞ்சம் சரிந்தபடி. ஆறாவதும் அதேதான், கறுப்பு நகம் நட்டநடுவில். இயந்திரம் எதற்கு அதிக மதிப்புக் கொடுக்கிறது என்று காட்டும் நீலக் கோடு குமிழிக்கு அரை அங்குலம். என் விரலுக்குத் திரையின் விளிம்பு வரை.

முதலில் தோன்றியது, இயந்திரம் என்னைக் கண்டுபிடித்துவிட்டது என்பதுதான். இதே முடிவுக்கு வர என் மனைவிக்கு நான்கு வருடம் எடுத்தது, இது மூன்று மாதத்தில் வந்துவிட்டது. இரண்டாவதாக இன்னொன்று தோன்றியது. பட்டிக்கு மேலே இருக்கப்போகும் கமராவுக்கு முன்னால் என் விரல் இருக்காது. விரல் இல்லை என்றால் பழுது இல்லை என்று இது நினைக்கும். வெடித்ததும் பிளந்ததும் வரிசையாக நல்ல சப்பாத்துகளாகக் கடைக்குப் போகும். முதலாளி முன்னால் சோதனை, வருகிற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. மூன்று மாதப் படங்களையும் பாழாக்கியவன் நான். கமரா வந்த பிறகு எனக்கு இங்கே என்ன வேலை என்று ஏற்கெனவே பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. இப்போது என்னை அனுப்ப யாரும் காரணம் தேடத் தேவையில்லை. திரையிலேயே கிடந்தது.

அன்று வேலை முடிந்து மெத்ரோவில் போகும்போது போன் சிணுங்கியது. அக்காவிடமிருந்து ஈமெயில். தலைப்பு: 'உங்க கட்டைவிரல்.'

இந்தத் தலைப்பில் ஒரு நல்ல செய்தி வர முடியுமா? நீங்களே சொல்லுங்கள். நான் திறக்கவில்லை. திறக்காத கடிதத்தால் யாரையும் வேலையிலிருந்து நிறுத்த முடியாது என்று ஒரு சட்டம் இருப்பதாக எனக்குள் நானே தீர்மானித்து, போனைச் சாப்பாட்டுப் பைக்குள், வெறும் டப்பாவுக்கு அடியில் புதைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை அக்கா வந்தார். வழக்கம் போல இருந்தார். அதுதான் என்னை இன்னும் கலக்கியது.

"பாத்தீங்களா அண்ணா?"

திரையைப் பார்த்ததைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். "பாத்தன் அக்கா."

"சரி. அவசரமில்ல. மெதுவா பண்ணுங்க."

வேறு வேலை தேட அவகாசம் தருகிறார்! என்ன மனம் இவருக்கு என்று நினைத்தேன். கடைசி முயற்சியாகக் கேட்டேன்: "அக்கா, தொடங்கேக்க அந்தத் துண்டுகளை வேற இடத்தில வைச்சா முடிவு மாறாதோ?" சாதகத்தில் பிறந்த நேரத்தைக் கொஞ்சம் மாற்றிப் பொருத்தம் பார்க்கச் சொல்லும் தகப்பனின் குரல் எனக்கு.

"மாத்திப் பாக்காம இருப்பேனா? ஆறு தடவை மாத்தினேன். கண்டபடி வச்சும் பாத்தேன், கூட்டத்துக்கு நடுவுல வச்சும் பாத்தேன். எங்க ஆரம்பிச்சாலும் உங்க விரலுக்குத்தான் வந்து நிக்குது. அப்போ பிரச்சினை ஆரம்பத்துல இல்ல, படத்துல."

ஆறு சாதகம், ஒரே பலன். போய்ச் சிவப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அதற்குள் இருந்தவர்களோடு ஒரு நெருக்கம் உண்டாகியிருந்தது.

அங்கே நின்றபோதுதான் அந்தக் கள்ள யோசனை வந்தது. பழுதுப் படங்களில் மட்டும் விரல் இருப்பதால்தானே என் விரல் பழுது? நல்ல சப்பாத்துகளையும் அதே விரலால் பிடித்துப் படம் எடுத்து, பழைய நல்ல படங்களுக்கு நடுவே செருகிவிட்டால்? இந்த விரல் நல்ல இடங்களுக்கும் போய் வருகிற விரல்தான் என்று இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியாமல் என் மானமும் மீண்டுவிடும்.

ஆனால் ஒரு சிக்கல். மே மாதத்தில் நகம் பாதி வளர்ந்து, அடியில் பிங்க் நிறம் வந்திருந்தது. இப்படியே எடுத்தால் அது என்ன படிக்கும்? பிங்க் நகம் நல்லது, கறுப்பு நகம் பழுது என்று படிக்கும். இவ்வளவு தூரம் அந்த இயந்திரத்தின் மூளைக்குள் போய் இருந்து யோசித்தது, பயம் எனக்குத் தந்த ஒரே கல்வி.

அன்று மாலை என் மகளின் மேசையிலிருந்து கறுப்பு நகப்பூச்சை எடுத்து, குளியலறையில் பூசிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பதினான்கு வயது. வீட்டில் பிரெஞ்சுதான் பேசுவாள். என்னைக் கண்டதும் தமிழுக்கு வந்துவிட்டாள்.

"அப்பா, அது என்ட. ஹாலோவீனுக்கு வாங்கினது."

"வேலைக்குத் தேவைப்படுது பிள்ளை."

"என்ன வேலைக்கு?"

"சப்பாத்து வேலைக்குத்தான்."

"ஒரு விரலுக்கு மட்டுமா?"

"ஒரு விரல்தான் பிழை விட்டது."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போய்த் தாயிடம் ஏதோ சொன்னாள். அந்த வாரம் வீட்டில் எல்லோரும் என்னோடு மிக அன்பாக நடந்துகொண்டார்கள்.

நான்கு மதிய இடைவேளை. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, நல்ல சப்பாத்துகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, திருப்பி, பெருவிரலால் அமத்தி எடுத்தேன். நல்ல சப்பாத்தை அமத்துவது கைக்குப் பிடிபடவே இல்லை. வாய் திறக்காத ஒன்றிடம் குற்றம் ஒப்புக்கொள் என்று கேட்பது போல இருந்தது. எடுத்ததையெல்லாம் சத்தமில்லாமல் பழைய நல்ல படங்களுக்கு நடுவே செருகினேன்.

செவ்வாய்க்கிழமை முதலாளி வந்தார். கமரா பட்டிக்கு மேலே பூட்டப்பட்டிருந்தது. நான் முந்தின நாள் பொறுக்கிக் கலந்து வைத்த சப்பாத்துகள் ஒவ்வொன்றாக ஓடின. என் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால். முதல் பழுது வந்தது. இயந்திரம் பிடித்தது. இரண்டாவதையும் பிடித்தது. ஒன்றைத் தவறவிட்டது. அது நானும் இரண்டு முறை பார்த்தால்தான் பிடிக்கக்கூடியது. முதலாளி "போன், போன்," என்றார். பிரெஞ்சில் அது நல்ல சொல்.

அக்கா மடிக்கணினியைத் திருப்பிப் புதிய துண்டுகளைக் காட்டினார். வலப் பக்கத்தில் என் விரலைத் தேடினேன். இல்லை. அது இருந்த மூன்றாவது இடத்தில், சப்பாத்தின் முனையில் அடித்தோல் வளையும் இடம். பசை சற்றே விலகி, மயிரிழை தடிப்பில் ஒரு நிழல். நீலக் கோடு அதற்குத்தான் நீளம்.

"பாத்தாத் தெரியும்னீங்களே அண்ணா. இதுவா?"

பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு சப்பாத்திலும் என் கண் முதலில் போய் நிற்கும் இடம் அது. அப்படியொரு இடத்தில் அது போய் நிற்கிறது என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

"ஓம் அக்கா. இதுதான்."

பிறகு அக்கா இன்னொரு காரியம் செய்தார். பழைய பட்டியலையும் திறந்து, என் மூன்று கறுப்பு விரல்களையும் முதலாளிக்குக் காட்டினார். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா பிரெஞ்சில் அவருக்கு ஏதோ விளக்கிவிட்டு என்னிடம் திரும்பினார். "இந்த மாதிரி ஒரு விரல் எல்லா மெஷின்லயும் எங்கயாவது இருக்கும் அண்ணா. இதுல கண்ணுக்குத் தெரியுது, அவ்வளவுதான்."

"என்ன சொன்னீங்கள் அவரிட்ட?"

"மெயில் அனுப்பின அடுத்த வாரமே இவர் ஆரம்பிச்சிட்டார், சாப்பிடக்கூடப் போகலைன்னு சொன்னேன். இனிமே மெஷினுக்குப் படம் எடுக்கற பொறுப்பு இவர்கிட்டயே இருக்கட்டும்னும் சொன்னேன். சரின்னுட்டார்." கண்ணாடியை இறக்கி என் கையைப் பார்த்தார். "ஆனா நகத்துக்குப் பாலிஷ் போடணும்னு நான் எழுதலையே. எனக்கு அது தோணவே இல்ல. உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

"எழுதினதோ?"

"மெயில்லதான்."

"ஓ. ஓம் ஓம். மெயில்."

உடுப்பு மாற்றும் அறைக்குப் போய், மர வாங்கில் உட்கார்ந்து, போனை எடுத்து, பதினொரு நாள் பழைய அந்த மெயிலைத் திறந்தேன்.

'அண்ணா, மெஷின் உங்க விரலைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. தப்பு உங்களுது இல்ல, நான்தான் முன்னாடியே பாத்திருக்கணும். நல்ல பூட்ஸையும் கையில பிடிச்சு, விரல் தெரியற மாதிரி கொஞ்சம் படம் எடுத்துக் குடுங்க. அவசரமில்ல. இது மாதிரி.'

அதற்குக் கீழே ஒரு படம் இருந்தது. பழுதில்லாத ஒரு சப்பாத்து. அதை அமத்திப் பிடித்திருந்த பெருவிரல் அவருடையது.